தொண்ணூற்று நாலாம் பிளாக்

மெர்டேக்கா லீவு, மூன்று நாள்.
பகாவில் இரவல் வாங்கிய நாலு சைக்கிள்.
ஒன்றுக்குப் பின்பிரேக் இல்லை.
அது எனக்கு.

ராத்திரி மழையில் ஊறிய செம்மண்
டயரை விடமாட்டேன் என்கிறது.
செம்பனைக்கு நடுவே கம்பத்தில் ஆந்தைப் பெட்டி;
எங்கள் சத்தத்தில்
உள்ளே யாருக்கோ தூக்கம் போயிருக்கும்.

"குறுக்கு வழி தெரியும்" என்றார் லோகநாதன்,
இருபது வருஷம் லோரி ஓட்டியவர்.
மூன்று தடவை அதே கால்வாய்ப் பலகை,
மூன்று தடவை அதே மாடு.

மட்டை முள் ஏறி யுகேஷின் டயர் புஸ்ஸென்றது.
பம்ப் வீட்டில்.
அங்கேயே உட்கார்ந்து நாசி லெமாக் பிரித்தோம்,
சம்பலில் ஓர் எறும்பு.

மேட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டு தர்வினா கத்துகிறாள்:
"இறங்கும்மா, ஒன்னும் ஆகாது!"
ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும்
நம்புகிறவள் இல்லை நான்.

இருந்தும் முன்பிரேக்கை விட்டேன்.

கையுறைத் தொழிற்சாலையில்
நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணும் விரல்கள்
எதையும் எண்ணவில்லை.
உதிரிப்பழம் சக்கரத்தடியில் நசுங்கி
முழங்காலில் எண்ணெய் தெறித்தது.

ஒரு வார்த்தை கத்தினேன்.
என்னவென்று கேட்காதீர்கள்,
பிள்ளைகள் இன்னும்
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.