மூச்சைப் பிடிங்க

முதலில் சீட்டுதான் வந்தது.
நீலமேகம், ஐம்பத்தொன்று, ஆண்,
மூன்று வாரமாக இருமல், நெஞ்சுப் படம்.
திருத்துறைப்பூண்டி அரசு ஆஸ்பத்திரியில்
ஒரு நாளைக்கு இரண்டு நீலமேகமாவது வரும்.
நிமிராமலே கூப்பிட்டேன்.

அவன்தான்.
செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தான்,
கோயிலுக்குள் வருகிறவன் மாதிரி.
ஆள் பாதியாகியிருந்தான்.
உட்காரும் விதம் மட்டும் மாறவில்லை:
ஸ்டூலின் விளிம்பில்,
நோட்டை வைத்திருந்த முழங்காலில்
இப்போது வெறுங்கை.

புயல் அடித்த பதினெட்டாம் நாள்
அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்
அக்கா வீட்டு வாசலில், விழுந்த தென்னையின் மேல்.
கூரை இல்லை, கரண்ட் இல்லை, கட்டுத்தறியில் மாடு இல்லை.
இரண்டு தவணை பாக்கி.
குழுவின் ஒன்பது பெண்களையும் வரவழைத்து
அவளைச் சுற்றி நிற்கவைத்தான்.
"நீ கட்டும்வரை இவங்க போக முடியாது.
எனக்கொண்ணும் அவசரமில்லே."
விளக்கு வைக்கும்வரை நின்றார்கள்.
அது செவ்வாய்க்கிழமை.
புதன்கிழமை தையல்நாயகி இல்லை.

பிறகு எல்லாரும் நியாயம் பேசினார்கள்.
அவன் சம்பளத்துக்கு வந்தவன்.
அவனுக்கு மேலே ஒருத்தன்,
அவனுக்கும் மேலே சென்னையில் ஒருத்தன்.
வசூல் குறைந்தால் இவன் காசைப் பிடிப்பார்களாம்.
எல்லாம் சரிதான்.
மேட்டூர்த் தண்ணீர் மாதிரி
கோபத்தையும் முறைவைத்துப் பிரித்துக்கொண்டே வந்தால்
கடைமடைக்கு வரும்போது
மண் நனையக்கூட மிஞ்சாது.

அத்தான் மறுபடி கட்டிக்கொண்டார், குற்றம் சொல்லவில்லை.
அக்கா கடனைக் கழித்துவிட்டதாக
கம்பெனியிலிருந்தே கடுதாசி வந்தது.
கழியாமல் கிடப்பது என் கணக்கு ஒன்றுதான்.
அதையும் மூடிவிட்டால்
ஒருத்தி அங்கே நடுவில் நின்றாள் என்பதற்கு
எங்கே பதிவு?

"சட்டையைக் கழட்டுங்க. கழுத்தில இருக்கறதையும்."
ருத்ராட்சத்தைக் கழற்றி
வைக்க இடம் தேடி, என் கையிலேயே கொடுத்தான்.
சூடாக இருந்தது.
என் முகத்தைப் பார்த்தான்.
அக்காவின் மூக்கு அப்படியே எனக்கு என்பார்கள்.
அவனுக்கு எத்தனை வாசல், எத்தனை மூக்கு.

தாடையைத் தூக்கி, தோளை முன்னே தள்ளி
பலகையோடு ஒட்டி நின்றான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
"மூச்சை இழுங்க. பிடிங்க."
பிடித்தான்.
பட்டனை அழுத்தினேன்.
அடுத்து ஒரே ஒரு வார்த்தை, விடுங்க.
நான் சொல்லவில்லை.

முள்ளியாற்றுப் பாலத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.
தோள் நடுங்கியது.
விலா எலும்புகள் தோலைத் தள்ளின.
நின்றுகொண்டேயிருந்தான்,
அந்த ஒன்பது பேரும் நின்ற மாதிரி,
சொல்வார்கள், இதோ சொல்லிவிடுவார்கள் என்று.

எனக்கு அது பிடித்திருந்தது.
அதை மறைத்துவிட்டு மேற்கொண்டு எழுத மனமில்லை.
உள்ளே ஒரு குரல் சாவகாசமாகச் சொன்னது,
எனக்கொண்ணும் அவசரமில்லே.
குரல் யாருடையது என்று தெரிந்தபோது
வாய் உலர்ந்துவிட்டது.

அதற்குள் இருமல் வெடித்து
அவனே விட்டுவிட்டான்.
"மன்னிச்சுக்கங்கம்மா, அடக்க முடியலே."
ஆறு வருஷமாக நான் கேட்க நினைத்த வார்த்தை,
இருமலுக்காக வந்தது.

படம் சரியாகவே விழுந்திருந்தது.
வலது நுரையீரல் உச்சியில் பஞ்சுபோல் ஒரு வெள்ளை.
இதயம், இருக்கவேண்டிய அளவுதான்.
இன்னொரு தடவை நிற்கவைத்திருக்கலாம்,
யாரும் கேட்கமாட்டார்கள்.
போகச் சொன்னேன்.

கதவு மூடிய பிறகுதான் பார்க்கிறேன்,
ருத்ராட்சம் என் கையிலேயே.
எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் கிடையாது.
அவன் என்றாலே போதும், சோறு பிசையும் கை நின்றுவிடும்.
வராந்தாவில் நின்று கூப்பிட்டேன்.
நீலமேகம்.
இரண்டு பேர் திரும்பினார்கள்.

இருமிக்கொண்டிருந்தவனிடம் கொடுத்தேன்.
நாளைக் காலையில் வெறும் வயிற்றில் வாங்க,
சளி எடுக்கணும் என்றேன்.
ரிசல்ட் எப்போ வரும் என்றான்.
செவ்வாய்க்கிழமை, என்றேன்.
சரிம்மா, என்று தலையாட்டினான்,
அது எந்தக் கிழமையோ போல.