அரை மாத்திரை

முதலில் எனக்குத்தான் வந்தது.
கழுத்தில் தொடங்கி முழங்கை மடிப்பில் இறங்கி
ஒரு காலை கண்ணிமை இரண்டும்
ஊறப்போட்ட கொண்டைக்கடலை.
செம்பனைப் பூத்தூள் என்றேன், ஆலைப் புகை என்றேன்,
முந்தின இரவு ஆ ஹோக் கடை மீயில் கிடந்த
இறால்மேல் பழி போட்டேன்.
ஊத்தான் மெலிந்தாங் கிளினிக்கில் டாக்டர்
என் தோளிலிருந்து ஒரு பழுப்பு முடியை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
"நாயை யாருக்காவது கொடுத்துடுங்க."

மைலோவை எனக்கு யாரும் கொடுக்கவில்லை.
பழக்குலை ஏற்றிய லோரிக்குப் பின்னாலேயே ஓடி வந்து
எடைமேடையில் ஏறி உட்கார்ந்தது.
நாற்பது டன் நிறுக்கும் மேடை.
லோரி இறங்கியதும் திரையைப் பார்த்தேன்:
பூஜ்யம்.
நாய் உட்கார்ந்திருக்கிறது, பூஜ்யம்.
வாலை ஆட்டுகிறது, பூஜ்யம்.
ரசீது போட முடியாத சரக்கை
வேறெங்கே கொண்டுபோவது?

மழைக்காலத்தில் அதற்கும் வந்தது.
வயிறு சிவந்து, காதின் உள்பக்கம் சூடேறி,
முன்னங்காலை நக்கி நக்கி
ரோமம் போய் ஈரத்தோல்.
கோழியை நிறுத்தினேன்.
வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னாள் தனபாக்கியம்.
பூசினேன். அதையும் நக்கியது.
பிறகொரு ஞாயிறு குளவி கொட்டி
ஒரு பக்கம் நாய், மறுபக்கம் நீர்யானை.
சிரித்துவிட்டேன்.
மூச்சு இழுக்கத் தொடங்கியதும்
மோட்டார் கூடையில் துண்டு விரித்து
தெலுக் இந்தான் வரை,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் மன்னிப்புக் கேட்டபடி.

டாக்டர் இயோ ஊசி போட்டார்.
குளவி போகட்டும், இந்தத் தோல்தான், என்று
ரத்தமும் எடுத்தார்.
முந்நூற்றெண்பது வெள்ளி.
பத்து நாளில் தாள் வந்தது.
தூசிப்பூச்சி, கொஞ்சம்.
கரப்பான், கொஞ்சம்.
செம்பனைப் பூத்தூள், இல்லை.
மனிதத் தோல் செதில்:
அந்த வரியின் கீழ் பேனாவை இரண்டு முறை ஓட்டினார்.
"வீட்டில் வேறு யார்?"
"நான் மட்டும்தான்."
"ஓ" என்றார்.
என்னை யாருக்காவது கொடுத்துவிடும்படி
நாயிடம் சொல்ல
அவருக்கு வாய் வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அது
கூடையிலிருந்து என்னையே பார்த்தது.
தாள் என் பையில்.
ஏழு வருடம் என் செதில் உதிர்ந்த மெத்தையில்
ஒருத்தர் படுத்திருந்தார்.
அவருக்கு எதுவும் ஆனதில்லை.
ஜொகூருக்கு வேலைக்கென்று போனபோதும்
ஒரு தும்மல்கூட இல்லாமல் போனார்.

இப்போது அலமாரியில் ஒரே போத்தல்.
மஞ்சள் மாத்திரை, எனக்கு ஒன்று, அதற்கு அரை.
எடை தெரிய வேண்டுமே என்று
அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறினேன்,
இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினேன்.
லோரிக் கணக்குதான்.
ஒன்பது கிலோ.
பூஜ்யம் இல்லை என்று அதனிடம் சொன்னேன்.
வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு
மாத்திரையை மட்டும் என் காலடியில் வைக்கிறது,
மீதிச் சில்லறை மாதிரி.

இரவு மூன்று மணி. ஆலையில் ஷிப்ட் சங்கு.
கதவுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான்,
சொறிந்துகொண்டிருக்கிறோம்.
அது நிறுத்தினால் நானும் நிறுத்திக் கேட்கிறேன்.
நான் நிறுத்தினால்
அந்தப் பக்கமும் சத்தமில்லை.
திறந்தால் இரண்டு பேருக்கும் காலையில் கெடும்.
நாளை எடைமேடைக்கு விடுமுறை.
திறந்தேன்.