நூற்று முப்பத்தெட்டு

டுலூத் நகரில், ஏரி இன்னும் உறைந்திருந்த மார்ச்சில்
அந்த டேப்பைக் கடையிலிருந்து தவறாக எடுத்து வந்தேன்.
தேடிப் பார்த்தேன், அதில் அங்குலமே இல்லை.
திருப்பிக் கொடுக்கப் பன்னிரண்டு மைல் போகவேண்டும், பனி வேறு.
கிடக்கட்டும் என்று இடுப்பில் மாட்டிக்கொண்டேன்.

பதினேழு வருடமாக ஏணிமேல் இருந்து
ஆர்ரின் ஹாகன் கத்துவார்:
"ஐந்தே காலே மும்மாகாணி,
ஒரு மயிரிழை கூட!"
கீழே நான் அறுப்பேன்.

அதில் பாதி எவ்வளவு?
காலை இரண்டாக்கி, மும்மாகாணியை இரண்டாக்கி,
ஐந்தில் மிஞ்சிய அரையை இழுத்து வந்து சேர்ப்பதற்குள்
பசை காய்ந்துவிடும்.
ஒருமுறை ஒரு வால்நட் பலகையே வீணாயிற்று.
பிசகு வீசம்தான்.
சம்பளத்தில் பிடித்தது மட்டும்
முழு முழு டாலராக.

அன்று புது டேப்பை நீட்டினேன்.
நூற்று முப்பத்தெட்டு.
பாதி, அறுபத்தொன்பது.

ரம்பத்தை நிறுத்திவிட்டு
மரத்தூள் மேலேயே உட்கார்ந்தேன்.
முதலில் வந்தது கோபம்தான்.
இவ்வளவு நாளும் என்னிடமிருந்து
யார் இதை ஒளித்துவைத்தது?

பிறகு நான் தாங்கமுடியாதவள் ஆனேன்.
லேலண்டின் ரொட்டி மாவைத் தராசில் வைத்தேன்.
அவன் கோப்பைகள் அலமாரிக்குள் கோபித்துக்கொண்டன.
விருந்துக்கு வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பினார்கள்.

மே மாதம் ஊர்ச் சபையில் எழுந்து நின்றேன்.
படகுத்துறையின் ஆழப் பலகையில்
அடிக்குப் பக்கத்தில் மீட்டரையும் எழுதுங்கள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.
பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள்,
அறுபது அறுபதாக எண்ணி.

"என் தாத்தாவின் காலடி போதும் எனக்கு" என்றார் ஆர்ரின்.
"உங்கள் தாத்தா செருப்பு எண் என்ன?" என்றேன்.
"நீங்கள் குடிக்கும் சோடா இரண்டு லிட்டர்.
இரத்த அழுத்த மாத்திரை பத்து மில்லிகிராம்.
இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்குக்
குண்டு ஒன்பது மில்லிமீட்டர், ஆர்ரின்.
குடிப்பதிலும் சுடுவதிலும் எப்போதோ மாறிவிட்டீர்கள்,
அளப்பதில் மட்டும்தான் தேசபக்தியா?"

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள்.
பதினொன்றுக்கு இரண்டு.
தோற்றேன்.
அந்த இன்னொரு கை யாருடையதென்று
திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை ஜன்னல் சட்டம்.
ஏணிமேல் வெகுநேரம் சத்தமே இல்லை.
என் டேப்பைக் கேட்காமல் எடுத்துப் போயிருந்தார்.
பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு,
"ஆயிரத்து எண்பத்தேழு."
என்ன அலகு என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அறுத்துக் கொடுத்தேன், பொருந்தியது.
மயிரிழை தேவைப்படவில்லை.

வெற்றி என்று சொல்லமாட்டேன்.
நேற்றிரவு மகளுக்குக் காய்ச்சல்.
வெப்பமானியைப் பிடுங்கிப் பார்த்து
"நூற்றிரண்டு! லேலண்ட், நூற்றிரண்டு!" என்று
பாரன்ஹீட்டில்தான் அலறினேன்.