ஆர் ஆர் எச்

மைனஸ் முப்பத்தொன்று.
மூஸ் ஜா ஊரின் கிழக்கு எல்லையில்
பெட்ரோல் பங்க் விளக்கடியில்
எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது ஆம்புலன்ஸ்.
அணைத்தால் மருந்து உறையும்.
அணைக்காவிட்டால் தூக்கம் வரும்.
அதற்காகத்தான் இந்த விளையாட்டு.

வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டில்
மூன்று இலக்கம், மூன்று எழுத்து.
இலக்கம் போகட்டும்.
எழுத்து மூன்றும் அதே வரிசையில்
இடையில் யாரையும் நுழைய விடாமல்
தோளோடு தோள் நிற்கிற
ஓர் ஆங்கிலச் சொல் வேண்டும்.
நீளமானது ஜெயிக்கும். பன்மை செல்லாது.
தோற்றவர் காபி வாங்க வேண்டும்.

நேற்று டபிள்யூ, கே, டபிள்யூ.
டெல்ஃபின் லாரோக் "ஆக்வர்ட்" என்றாள்,
வாலில் ஒரு 'நெஸ்' ஒட்டிப்
பதினொன்றாக்கினாள்.
வால் ஒட்டுவது திருட்டு என்றான் வாசில்.
ரயிலுக்குப் பெட்டி சேர்ப்பது திருட்டா என்றாள்.
காபியை அவன்தான் வாங்கினான்.

இன்று, சேறும் உப்பும் அப்பிய
ஒரு பிக்கப்.
ஆர், ஆர், எச்.

இரண்டு ஆர் போதாதென்று
பின்னால் வாய் திறக்காத ஓர் எச்.
எழுதினால் ஒலித்தாக வேண்டும் என்கிற
மொழிக்காரன் எனக்கு,
கல்யாணத்துக்கு வந்தும்
பந்தியில் உட்காராமல்
தூணோரம் நிற்கிற ஆளைப் போல அது.

"ஹெமரேஜ்." பத்து.
"அரித்மியா." அதுவும் பத்து.
"லண்டன்காரன் என்னுடையதில்
இன்னொரு ஏ போடுவான்."
"இது லண்டனா?"
பனி படிந்த கண்ணாடியில்
விரலால் எழுதி எண்ணிக்கொண்டே போனாள் டெல்ஃபின்:
ஹெமராய்டெக்டமி.
பதினாறு.
மூலத்தை அறுத்தெடுக்கிற ஆபரேஷன்.
வாசில் சிரித்த சிரிப்பில்
எழுதிய பாதி அழிந்தது.

அப்போதுதான் ரேடியோ.

நாற்பது கிலோமீட்டர்.
கடைசி எட்டு, சரளைக்கல்.
ஆர்டித் ஃப்ரீசன், ஐம்பத்தெட்டு.
ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் வெறும் காலுறை.
கன்றுக்குட்டிக்கு விளக்குப் போடக் கிளம்பியவள்
வாசலோடு சரி.

திரும்பும் வழியில் கண் சொருகியது.
"தூங்காதீர்கள். ஒரு விளையாட்டு" என்ற டெல்ஃபினின்
நாக்கில் வேறெதுவும் இல்லை,
அந்த மூன்றெழுத்துதான் விழுந்தது.

விழுந்த பிறகு உறைத்தது.
அந்த மூன்றைச் சேர்த்து வைத்திருப்பதெல்லாம்
ஆஸ்பத்திரிச் சொற்கள்.
ரத்தம் கொட்டுவது, ஈரல் கெடுவது, வயிறு போவது,
அப்புறம்
இதோ திரையில் ஓடுகிற
அந்தப் பத்தெழுத்து.
கோடு துள்ளுகிறது;
மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒன்றுமில்லை.
எழுதப்பட்டும் ஒலிக்காத துடிப்பு.

"எழுத்தை மாற்றித் தருகிறேன்."
முகமூடிக்குள் தலை அசைந்தது, வேண்டாமென்று.
கண் மேலே போனது,
உயரத்து அலமாரியில் டப்பா தேடுவதுபோல்
வண்டிக் கூரையைத் துழாவியது.

ரயில்வே கேட் தாண்டியாயிற்று.
தானியக் கிடங்கு தாண்டியாயிற்று.

"மிர்."

"என்ன?"

"மிர். மூன்றாவது ராஜா குழந்தைக்குக் கொண்டுவருவானே.
டிசம்பர் நாடகத்தில் நான்தான் அவன்.
தாடி ஒரே அரிப்பு."

எம், ஒய், ஆர், ஆர், எச்.
ஐந்தே எழுத்து.
உயிரென்று சொல்ல ஓர் ஒய் மட்டும்.
வெள்ளைப்போளம் என்போம் நாம்.
கசக்கும், மணக்கும்.
பிறந்த குழந்தைக்கும் கொண்டுபோனார்கள்,
பிணத்துக்கும் பூசினார்கள்.
டெல்ஃபின் முதலாவதோடு நிறுத்திக்கொண்டாள்.

"செல்லும்!" முன்னாலிருந்து கத்தினான் வாசில்.
"உங்களுக்கு எத்தனை வந்தது?"
என்று கேட்டாள் ஆர்டித்.
"எங்களுக்கு ஒன்றும் வரவில்லை."

கதவுக்குப் பின்னால் நடப்பதை
இவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.
ஸ்ட்ரெச்சரைத் துடைத்தார்கள்.
படிவத்தில் நேரம் எழுதினார்கள்.

டெல்ஃபின் மூன்று கோப்பை காபி வாங்கி வந்தாள்.
விதி விதிதான்.
மூன்றாவது டேஷ்போர்டில்
கொஞ்ச நேரம் ஆவிவிட்டது.
பிறகு, சர்க்கரை போதவில்லை என்று முனகியபடி
அதையும் வாசிலே குடித்தான்.