ஒரு படி சறுக்கினால்

கொள்ளுப்பிட்டியில் கடைசி மேசையும் எழும்பிப் போனபின்
லியூங் குசினியில் கஸட்டைப் போடுவான்.
நாடா தளர்ந்திருந்தால் பென்சில் விட்டு நான் சுற்றுவேன்.

பாதி சிங்களம், பாதி கை.
சின்ன வயதில் தன் பாசையில் பாடினால் சிரிப்பார்களாம்:
காதலுக்கு மாண்டரின், டான்ஸுக்கு இங்கிலீசு,
கன்ரனீஸ் மீன்காரியோடு பேரம் பேச.
பிறகு ஒரு பின்னேரம், டிவி நாடகத்தின் முகப்புப் பாட்டு
அதே பேரம் பேசிய வாயில்.
ஹொங்கொங்கில், அவர்களின் மாடி முழுக்க
சோற்றுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

"மெட்டுப் போடுகிறவன் பாவம்.
குரல் ஒரு படி சறுக்கினால்
வாங்குவது விற்பதாகிவிடும். சிரிக்காதே."

நான் சிரிக்கவில்லை.
எண்பத்து மூன்று ஆடியில் பஸ்ஸை மறித்தவன்
வாளி ஒன்றைத் தூக்கி, இதன் பெயர் என்ன என்றான்.
சரியாகத்தான் சொன்னேன், சிங்களத்தில்.
பின்சீற்றில் இருந்தவருக்கு
முதல் எழுத்திலேயே நாக்குத் தடுக்கியது.

பைப்படியில் தண்ணீர் வழிகிறது.
"அதை எடு" என்கிறான் லியூங்.
எதை என்று கேட்கவில்லை.
எடுத்து வைத்துவிட்டு, கை துடைத்து,
கஸட்டை மற்றப் பக்கம் திருப்பிப் போடுகிறேன்.