கூடுதல் பதினொரு கிலோமீட்டர்

திங்கட்கிழமை. கடல் கொந்தளிப்பு.
படகுத்துறையில் குறுக்கே கயிறு கட்டி
போலீஸ்காரர் ஒருத்தர் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.
பாறை அங்கேயே நின்றது. போக வழியில்லை.
பென்னாகரத்திலிருந்து ராத்திரி முழுக்க வந்த
பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்,
அலையை நான்தான் கிளப்பிவிட்டதுபோல.

வண்டியை உள்ளே திருப்பினேன்.
எங்கள் மாவட்டத்துக்கு உள்ளே என்று ஒன்று உண்டு.
முனையைப் பார்க்க வருகிறவர்கள்
அதைத் தூங்கியபடியே கடந்துவிடுவார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை.
இருபது வருஷம் ஓட்டுகிற எனக்கே மறந்துபோனது.
தமிழ்நாட்டு மண்ணில் கேரளத்துப் பூட்டு.
கதவிடுக்கில் கண்ணை வைத்த சிறுமி
"ஒரு மாமரம் தெரியுது" என்றாள்.
எல்லோரும் வரிசையில் நின்று
மாமரத்தைப் பார்த்தார்கள்.

சிதறால் மலைக்குப் பூட்டில்லை.
முந்திரி நிழலில் மூச்சு வாங்கி ஏறி
பாறையில் வரிசையாய் அமர்ந்திருந்தவர்களைக் கண்டதும்
முனியம்மா சேலைத்தலைப்பை இழுத்துக்கொண்டாள்.
"துணியில்லாம உக்காந்திருக்காங்களே, யாரு?"
சமணர்கள் என்றேன். ஆயிரம் வருஷத்துக்கு மேல் என்றேன்.
"அத்தனை வருசம் சோறு யாரு போட்டா?"
என் மனப்பாடத்தில் அதற்குப் பதில் இல்லை.
உச்சியில் யாரோ கத்தினார்கள்: "கடல்! கடல்!"
தென்னைக்கும் ரப்பருக்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடு,
மேகமாகவும் இருக்கலாம்.
பதினான்கு போன்களும் அந்தப் பக்கமே திரும்பின.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் வெயில் சாய்ந்திருந்தது.
நூத்திப் பதினஞ்சு அடி உயரம், ஒரு கிலோமீட்டர் நீளம்,
கீழே ஆறு, மேலே தண்ணீர் என்று
நான் ஒப்பித்து முடிக்குமுன்னே
மாதையன் இடுப்பிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து
தொட்டிக்குள் போட்டார்.
காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன்
இலையோடு நடந்தார்.
அது வேகமெடுத்தால் இவரும்.
அது சுவரில் ஒட்டித் தயங்கினால்
இவரும் நின்று, "போ, போ."
அக்கரையில் இலை மறைந்தபின் கேட்டார்:
"இந்தத் தண்ணி எந்தக் காட்டுக்குப் போவுது?"

நானூறு தடவையாவது வந்திருப்பேன்.
உயரம் தெரியும். தூண் எத்தனை, தெரியும்.
எந்த இடத்தில் நின்றால் படம் நன்றாய் விழும், தெரியும்.
"உங்க ஊர்லயும் காவிரி உண்டே" என்று மழுப்பினேன்.
"எங்க ஊரு வழியாத்தான் போவுது" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"போவுது" என்றார் மறுபடியும்.

டீக்கடை ஸ்டெல்லாபாயிடம் கேட்டேன்.
"அதுகூடத் தெரியாதா டென்னிசா?
நேர போயி சானல் கரையப் பிடி மக்கா."
பிடித்தேன்.
வேன் அகலமே இருந்த பாதையில்
ஒரு பக்கக் கண்ணாடியைப் பலாமரம் உரசியது.
சானல் இரண்டாகி, மடையாகி, ஓடையாகி,
பி.வி.சி. குழாய்க்குள் புகுந்து வெளியேறி
கடைசியில் ஒரு மட்டிவாழைத் தோட்டத்தில்
முழங்கை அகல வாய்க்காலாய் வந்து நின்றது.
பலகை இல்லை. டிக்கெட் இல்லை.
மண்வெட்டியோடு நிமிர்ந்த ஆள்
வேனையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்து,
"என்ன வேணும்?" என்றார்.
"பாக்க வந்தோம்."
"இங்க என்னத்தக் கெடக்கு பாக்கதுக்கு?"

மாதையன் செருப்பைக் கழற்றிவிட்டு
வாய்க்காலில் இறங்கினார்.
மண்வெட்டியைக் கேட்டு வாங்கி
கரையில் கசிந்த ஓர் இடத்தை
இரண்டே வெட்டில் அடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.
தோட்டக்காரர் மறுபேச்சில்லாமல்
ஒரு சீப்பு மட்டிப்பழம் பறித்து நீட்டினார்.
யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

டிரிப் ஷீட்டைப் பார்த்த முதலாளி
பதினொரு கிலோமீட்டர் கூடுதல் எங்கே என்றார்.
இடத்தின் பேர் தெரியாததால்
'தண்ணிக்குப் பின்னால்' என்று எழுதியிருந்தேன்.
டீசலை என் பேட்டாவில் பிடித்துக்கொண்டார்.
கண்ணாடியில் பலாப்பால் கறை
இன்னும் போகவில்லை.