சலவையறை வழியாக

ஓல்டனில் எல்லோரும் ரயில் மாறுவார்கள்.
நாங்கள் இறங்கி நடப்போம்,
ஆரே ஆற்றுப் பாலம் தாண்டி
நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் பின்பக்கத்துக்கு.

சனிக்கிழமை, ஆறு மணி.
பின்கதவு, பத்துப் படி, சலவையறை.
கொடியில் தொங்கும் ஃபிராவ் மோஸரின் ஈரப் போர்வைகளைக்
கையால் விலக்கிக்கொண்டு போனால்
அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய நிலவறை.
ஒரு முழத் தடிப்பில் கொங்கிரீட் கதவு,
யாரும் அதைச் சாத்தியதில்லை.
உள்ளே பதினெட்டுக் கதிரை,
ஏற்கெனவே பாதி போய்விட்ட ஒரு வாக்குவாதம்.

அப்படித்தான் நானும் நுழைந்தேன், ஒன்பது வருசம் முன்.
பெயர் கேட்கவில்லை எவரும்.
"பிள்ளையளுக்கு எந்த மொழியில் கனவு வருது தெரியுமோ?"
செபநாயகம் கத்திக்கொண்டிருந்தார்.
"உமக்கு எப்படித் தெரியும், நித்திரையில் எட்டிப் பார்த்தனீரோ?"
என்றேன்,
கோட்டைக் கழற்ற முன்னமே.
வேறு அறிமுகம் நடக்கவில்லை.

இந்த மாசியில் விக்னராசா ஒரு தாளோடு வந்தார்.
மேலே, தெருப்பக்கம், சப்பாத்துக் கடை காலியாம்.
மாதம் முந்நூற்று நாற்பது பிராங்.
"எங்களுக்கு ஒரு முகப்பு வேணும்.
ஒரு சோபா. ஒரு பலகை:
நாங்கள் ஆர், எப்ப கூடுறம், ஏன் கூடுறம்.
வாற ஆள் முதலில் அங்கே இருக்கட்டும்.
பிறகு இறங்கட்டும்."

"ஏன் எண்டதை எழுத எத்தனை பலகை வாங்குவீங்கள்?"
இது யசோதினி.
"கதைக்கிறதுக்குத் தனி வாசல் எதுக்கு?
வாயே வாசல்தானே!"
இது நான். சிரித்தார்கள்.
என் வரி எனக்கே பிடித்துப்போயிற்று.
ஹேர்கிங்கன் தபால் நிலையத்தில்
பொதிகளைப் பட்டியில் தள்ளிக்கொண்டே
இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன்.

ஒன்பதுக்கு ஏழு. ஒருவர் நித்திரை.
மூன்று மாதம் பார்ப்போம் என்று முடிவு.

சோபா வந்தது, சாம்பல் நிறம், ஆரோ கழித்துவிட்டது.
பலகை வந்தது மூன்று எழுத்துப்பிழையோடு.
கிண்ணம் நிறைய சாக்லேட்.
வருகிறவர் பெயரெழுத நீலமட்டைக் கொப்பி.

பங்குனியில் இருபத்தாறு பெயர்.
கீழே வந்தவர்கள் நாலு பேர்.
மற்றவர்கள் பலகையை வாசித்தார்கள்,
"நல்ல முயற்சி" என்று எழுதினார்கள்,
சாக்லேட்டோடு ரயிலுக்குப் போனார்கள்.
பழைய ஆட்களுக்கும் சோபா சுகம் கண்டுவிட்டது.
ஒரு சனிக்கிழமை செபநாயகம் இறங்கவே இல்லை.
அன்றைக்குத்தான் நிலவறையில்
பக்கத்து இயந்திரம் உடுப்புச் சுழற்றும் சத்தம்
முதன்முதலாய்க் கேட்டது.

வெற்றி எனக்கு.
கொப்பியை எண்ணித் தாளில் குறித்துக்கொண்டு
ஏறினேன் மேலே.

சோபாவின் விளிம்பில் ஒரு பெண்,
மடியில் சைக்கிள் தொப்பி.
தர்மிளா. பல்வைத்தியரிடம் உதவியாள்.
"இந்த இடம் ரெண்டு வருசமாய்த் தெரியும்" என்றாள்.
"பின்பக்கத்தால வருவன்,
சலவையறை மட்டும் வருவன்,
திரும்பிப் போயிடுவன்.
ஆரோ ஒரு மனிசியின்ர போர்வையை விலக்கிக்கொண்டு
கூப்பிடாத இடத்துக்கு எப்பிடிப் போறது?"

ஒன்பது வருசம் நான் விலக்கிய போர்வை.
அதன் ஈரம் ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை.

வாசல் பற்றிய என் வரி நாக்கு நுனியில் இருந்தது.
விழுங்கினேன்.

"கீழே இப்ப என்ன கதைக்கினம்?"
"இந்தச் சோபாவைப் பற்றித்தான்."
"விக்கப் போறீங்களோ?"
"அதுதான் கதை."
அவள் எழுந்துவிட்டாள்,
எனக்கு முன்னால் படியிறங்கினாள்.
பாதி வசனத்தில் இருந்த விக்னராசாவிடம்
பலகையின் மூன்று பிழைகளையும் சொன்னாள்.

வைகாசி முடிந்து ஆனியும் வந்துவிட்டது.
வாக்கெடுக்கவில்லை இன்னும்.
வாடகையை ஆளுக்கு இருபதாய்ச் சேர்க்கிறோம்,
திட்டிக்கொண்டே, நானும் உட்பட.

போன சனிக்கிழமை பின்கதவால் வந்தேன்.
ஃபிராவ் மோஸர் சலவை நாளை
புதனுக்கு மாற்றிவிட்டாராம்.
தர்மிளா கேட்டாளாம், பல் துளைக்கிற நேரம் பார்த்து;
வாய் திறந்தபடி அவர் தலையை மட்டும்
ஆட்டினாராம்.

வெறும் கொடி.
என் கை மட்டும் பழக்கத்தில் நீண்டு
எதையோ விலக்கிற்று.